பதினொன்றரை மணி மீன்

கடந்த வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, எங்கள் சமையலறையில் சத்தம் நின்றது.

மின்சாரம் போகவில்லை. மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. அதன் வழக்கமான கிறீச்சொலியைக் காணோம். கீழே சாலையில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஒலி மட்டும் மேலே வரவில்லை. அடுப்பில் ரசம் வாய்மூடி நுரைத்தது. ஐந்து நொடி இருக்கலாம், பத்து நொடி இருக்கலாம்... பிறகு எல்லாம் ஒருங்கே திரும்பி வந்தன.

பேய்க்கதை எழுதுகிறவன் அல்லன் நான். இந்தப் பக்கத்தை வாரந்தோறும் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் இப்படியொரு பத்தி எதற்கு? ஆகவே, மீனிலிருந்து தொடங்குகிறேன்.

புணேயில், வானவடிப் பகுதியில் எங்களுடையது மூன்றாம் மாடி. எங்களுக்கு நேர் கீழே அருளப்பன். பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பாளையங்கோட்டைக்காரர், புணேயில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தும் பேச்சில் ஊர் மாறாதவர். அவர் மனைவி ரெஜினா. பிள்ளைகள் இல்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் ஏறாது. கத்தோலிக்கர்களான அவர்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை இறைச்சி ஏறாது, அன்றுதான் மீன். எங்கள் கட்டடத்துச் சமையலறைச் சன்னல்கள் எல்லாம் கட்டடத்தின் நடுவே கீழிருந்து மேல்வரை போகும் ஒரே காற்றுக்கூண்டுக்குள் திறப்பவை. எனவே வாரந்தோறும் பதினொன்றரை மணிக்கு அந்த வாசனை எங்கள் சன்னலுக்கு ஏறிவரும். சோம்பின் இனிப்பு, அதன்மேல் மராட்டியர் ஷேபு என்னும் கீரையின் பசுமணம், எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் சொல்ல முடியாத ஒரு காரமான, குளிர்ந்த மணம்.

"விரதம் வாய்க்குத்தான், மூக்குக்கு இல்ல" என்பாள் என் மனைவி கௌரி, சன்னலருகே நின்றபடி.

மாலையில் ரெஜினா ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். அதை மூடிவைத்து மறுநாள்தான் உண்போம். செய்முறையைக் கௌரி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ரெஜினா எல்லாவற்றையும் சொல்வார். அகன்ற சட்டியின் அடியில் ஷேபுத் தண்டுகளைப் பாய்போல் பரப்ப வேண்டும், அதன்மேல் மஞ்சளும் உப்பும் எலுமிச்சைச் சாறும் பூசிய வஞ்சிரத் துண்டுகள், சுற்றிலும் சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், ஒன்றிரண்டாக நசுக்கிய சோம்பு, இரண்டாம் தேங்காய்ப்பால், மூடி, சிறுதீ. கௌரி அப்படியே செய்வாள். நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் குளிர்ந்த மணம் இருக்காது.

சென்ற ஆண்டு ரெஜினா இறந்தார். துக்கம் கேட்டவர்களெல்லாம் திரும்பிப் போனபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்கு, அதே வாசனை சன்னலுக்கு வந்தது.

கௌரி கையிலிருந்த கரண்டியை மெல்ல மேடைமேல் வைத்தாள். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். குரலில் கேலி இல்லை.

போனேன். கதவைத் திறந்தவர் அருளப்பன். இடுப்பில் ரெஜினாவின் சமையல் துண்டு. உள்ளே சட்டி.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு இருந்தன. ஒன்று, மனைவி இருந்தவரை அவர் அந்த அடுப்பைத் தொட்டவரல்லர். மற்றொன்று, பெருந்தொற்றுக் காலத்தில் போன அவருடைய முகரும் உணர்வு திரும்பவே இல்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்று. அப்படிப்பட்டவர் அந்த வாசனையை எப்படிக் கொண்டுவந்தார்?

"அவ செய்யுறத நாப்பது வருசம் பாத்திருக்கம்லா சார். எல்லாம் போடுதேன். கடைசியா இந்த டப்பாவுலேர்ந்து அரைக்கரண்டி" என்று ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். மேலே பெயர் எழுதவில்லை. உள்ளே கொரகொரப்பான பழுப்புப் பொடி.

"எது பதம் என்று எப்படித் தெரிகிறது? அக்கா வாசனை பார்த்து அல்லவா அணைப்பார்?"

அவர் அடுப்புக் குமிழைத் தொட்டுக் காட்டினார். "சத்தம் நிக்கும் சார். அப்போ அணைச்சிருவேன்."

நான் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய? மனைவியை இழந்தவர், ஏதோ சொல்கிறார்.

மாதங்கள் போயின. அருளப்பன் மெலிந்துகொண்டே வந்தார். மற்ற நாள்களில் பாவ் ரொட்டியும் தேநீரும். வயிறார உண்பது வெள்ளிக்கிழமை மட்டும் என்று அவரே ஒருநாள் சொன்னார். ஓராண்டு நிறைவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு வெள்ளிக்குத்தான் இருக்கு சார். நினைவுப் பூசை முடிஞ்சு ஹடப்சர்லேர்ந்து அவ தங்கச்சி குடும்பம் எல்லாம் சாப்பிட வாராங்க. அன்னைக்கு அவ மீன் வேணும். இது என்னன்னு உங்க மூக்கு சொல்லணும். தீந்துட்டுன்னா..." என்று நிறுத்தினார். "தீந்துட்டுன்னா அவ அவ்வளவுதான்."

அந்த வார வெள்ளிக்கிழமை நான் அவர் சமையலறையில் நின்றேன். சட்டியில் பொடி விழுந்தது. மூடி போட்டார். குக்கர் ஒன்று எங்கோ கூவிக்கொண்டிருந்தது, காற்றுக்கூண்டில் புறாக்கள், பக்கத்து ராணுவத் திடலிலிருந்து வாத்தியப் பயிற்சி. அருளப்பன் அடுப்புக் குமிழில் விரல்வைத்துக் காத்திருந்தார்.

நின்றது.

குக்கர், புறா, வாத்தியம்... எல்லாம் ஒரே கணத்தில். மூடி கொதியில் துள்ளுவது மட்டும் தெரிந்தது, கேட்கவில்லை. அருளப்பன் குமிழைத் திருகினார். உலகம் திரும்பி வந்தது.

மேலே போய்க் கௌரியிடம் சொன்னேன். அவள் கொத்துமல்லி ஆய்ந்தபடியே சொன்னாள்: "வீட்டுல கொழந்த தூங்கினாதான் எல்லாரும் அப்படி அடங்குவாங்க. உங்களுக்குக் காது அடைச்சிருக்கும். போய் ஆவி பிடிங்க."

பொடியை முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன், பழைய நூல்களில் படித்த மணப்பொருள்களை எல்லாம் நினைவுக்கு இழுத்தேன். "வறுத்த சோம்பு. ஐயமே இல்லை" என்று தீர்ப்பளித்தேன்.

"இலக்கணம் படிச்ச மூக்காச்சே, தப்பாவா சொல்லும்?" என்றாள் கௌரி.

சோம்பை வறுத்து இடித்துக் கொடுத்தேன். மீதமிருந்த பொடியை நிறைவு நாளுக்கென்று அருளப்பன் பத்திரப்படுத்தினார். அடுத்த வெள்ளி என் சோம்புப் பொடியே சட்டிக்குள் போயிற்று. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டாயிற்று. காற்றுக்கூண்டில் முதலில் பீடாக்கடை வாசனை வந்தது. பிறகு கருகல். கருகலுக்குப் பிறகு புகை.

ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறை நிறையப் புகை. நடுவில் அருளப்பன், குமிழில் விரல்வைத்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கண்களில் நீர் வழிந்தது. புகை அவர் மூக்குக்கு எட்டவில்லை.

"அண்ணே, அணையுங்க!"

"இன்னும் நிக்கலயே சார்" என்றார்.

நான் அணைத்தேன். என்னுடைய புலமை ஒரு வீட்டைக் கொளுத்தப் பார்த்தது. ஒரு பொருளை அறியாதவன் 'அறியேன்' என்று சொல்லியிருந்தால் ஒரு சட்டி மீனாவது பிழைத்திருக்கும். நம்மில் பலருக்கு அந்த ஒரு சொல்தான் நாவில் வருவதில்லை, இல்லையா?

மறுநாள் டப்பாவை இருவருமாகத் தடவிப் பார்த்தோம். பொடியை ஒரு தாளில் கொட்டியபோது, அடியில் வட்டமாக நறுக்கிப் போட்ட பழுப்புத் தாள் தெரிந்தது. கடைப் பொட்டலத் தாள். பாதி அச்சில் கேம்ப் பகுதிச் சந்து ஒன்றின் பெயர்.

பழைய மூலிகைக் கடை அது. மேல்தட்டு வரை பீங்கான் சாடிகள். கல்லாவில் எண்பதை நெருங்கும் மராட்டியக் கிழவர். அருளப்பன் டப்பாவை நீட்ட, அவர் ஒரு துளியை நாக்கில் வைத்தார். தயக்கமே இல்லை.

"பாளந்த்ஷேப்" என்றார். "பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. உங்கள் ஷேபுக் கீரையின் விதைதான்."

சதகுப்பை! கீரையை நான் நாள்தோறும் சந்தையில் பார்க்கிறேன். விதையைப் பற்றி ஏட்டில் படித்திருக்கிறேன். இரண்டும் ஒரே செடி என்பது மட்டும் தெரியாது.

கிழவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இது அந்த மதராஸி அம்மாவின் டப்பா அல்லவா? எங்கே, ஓராண்டாகக் காணோம்? நீங்கள் அவருடைய கணவரா? மகள் நலமா?"

அருளப்பன் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எத்தனையோ வருடமாக வாங்குகிறார்" என்று கிழவர் என் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னார். "வீட்டில் யாருக்குப் பேறு என்று கேட்பேன். 'எனக்குத்தான், பெண் பிறந்திருக்கிறாள்' என்பார். நரைத்த பிறகும் அதே பதில்தான். சிரிக்கவே மாட்டார், அப்படி ஒரு வேடிக்கைக்காரி!"

கால் கிலோ வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். என் ஸ்கூட்டர் அருகில் நின்று, பொட்டலத்தை இரு கையாலும் பிடித்தபடி, அருளப்பன் பேசினார்.

"ஒரு பொம்பளப்புள்ள பிறந்துச்சு சார். நாங்க இங்க வந்த மறுவருசம். இவ அம்மா ஊர்லேர்ந்து வந்து மருந்து இடிச்சுக் குடுத்தாவ. பதினோராம் நாள் புள்ள போயிட்டு. அத்தையும் ஊருக்குப் போயிட்டாவ. அந்த வெள்ளிக்கிழமை இவ மீன் வச்சா. புது வாசமா இருந்துச்சு. என்னட்டீன்னு கேட்டேன். 'நல்லாருக்கா?'ன்னா. நல்லாருக்குன்னேன்."

ஆட்டோ ஒன்று ஹார்ன் அடித்தபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"அப்புறம் புள்ளையப் பத்தி நானும் பேசல, அவளும் பேசல. பேசினா அழுவான்னு நான் பேசல. வாராவாரம் அவ கேப்பா, 'நல்லாருக்கா?' நாப்பது வருசம் நான் நல்லாருக்குன்னே சொல்லியிருக்கேன் சார்."

குழந்தை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இறந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நிறைவு நாளுக்கு விதையை அவரே வறுத்து இடித்தார். டப்பாவில் எஞ்சியிருந்த பழைய பொடியை அதனுடன் கலந்தார். அந்நாளும் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. பூசை முடிந்து வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, சமையலறையில் அவரும் நானும். பதினொன்றரைக்குச் சத்தம் நின்றது. கூடத்தில் எட்டுப் பேர் வாயசைப்பது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அருளப்பன் அடுப்பை அணைத்தார்.

பந்தியில் ரெஜினாவின் தங்கை ஒரு வாய் எடுத்துவைத்ததும் கையை நிறுத்தினார். "அத்தான்... அக்கா கைதான் இது. என்னத்தப் போட்டிய?"

ரெஜினாவின் படத்தின்முன் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள். அருளப்பன் அதன் பக்கத்தில், மிகச் சிறிய கிண்ணம் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். மருந்து புகட்டும் அளவுதான் இருக்கும்.

"எங்க மக பிறந்ததுக்கு இடிச்ச மருந்து" என்றார். "அவ பேரு அமலி."

அந்தக் கூடத்தில் அந்தப் பெயரை அதற்குமுன் எவரும் கேட்டதில்லை. தங்கை எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அருளப்பன் உட்கார்ந்து, சோறு பிசைந்து, இரண்டாம் முறையும் மீன் வாங்கி உண்டார்.

அந்தப் பெயரைச் சொன்னதோடு எல்லாம் முடிந்தது என்றே நானும் நினைத்தேன். சொல்லாமல் வைத்திருந்தது சொல்லப்பட்டுவிட்டால் வீட்டை விட்டுப் போய்விடும் என்பது நம் கணக்கு. சில அப்படிப் போவதில்லை போலும். இருந்த இடத்தைச் சற்று மாற்றிக்கொள்கின்றன.

ஏனெனில், அருளப்பன் மறுநாளே தம் தமக்கை வீட்டுக்குப் பாளையங்கோட்டை போய்விட்டார். ஒரு மாதம் தங்குவாராம். அவர் வீடு பூட்டியிருக்கிறது. சாவி எங்களிடம் இருக்கிறது. கடந்த வெள்ளிக்கிழமை கீழே மீனும் இல்லை, அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. எங்கள் அடுப்பிலோ வெறும் ரசம்.

சத்தம் நின்றபோது கௌரி என்னைத்தான் பார்த்தாள். காது அடைத்திருக்கிறது என்று சொல்லவில்லை. ஆவி பிடிக்கச் சொல்லவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். காற்றுக்கூண்டுச் சன்னலை, ஓசை எழாமல், மெல்லச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எங்கள் வீட்டில் இனிக் குக்கர் வைப்பதில்லை.