சுத்தியலுக்கு முந்திய மூச்சு

ரைலி கெம்ப்பைனென் யாரையும் எளிதில் வெறுக்கிறவர் இல்லை. இல்போ சாரிகல்லியோவை மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதுபோல, பொறுமையாக வெறுத்தார்.

வடக்கே எங்கள் சின்னப் பல்கலைக்கழகத்தில் தேர்வு அறைக்கு ரைலிதான் பொறுப்பு. பின்லாந்துப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகப் பணம் போட்டு, கூட்டாகவே நடத்திவரும் கணினித் தேர்வு அது. நமக்கு வசதியான நேரத்தைப் பதிவு செய்துகொண்டு, கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து எழுத வேண்டும். அதில் புதிதாக எதைச் சேர்ப்பது என்று ஆண்டுக்கொருமுறை எல்லோரும் ஹெல்சிங்கியில் கூடி முடிவெடுப்பார்கள். இருக்கிற பணத்தில் ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று தள்ளிப்போகும்.

நான் மாணவியாக இருந்தபோது ஒரு தேர்வின் நடுவில் எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வெளியே பையில் வைத்திருந்த பழச்சாற்றைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அறையைவிட்டு வெளியே போனால் தேர்வு அதோடு சரி. நேரத்தை நிறுத்திவைக்கக் கணினியில் வழியே இல்லை. கேமராவில் தெரிந்ததை எழுதி அனுப்ப வேண்டியது ரைலியின் வேலை. அனுப்பினார். என் தேர்வு செல்லாது என்றார்கள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்தில் கால் வைத்த முதல் ஆள் நான். மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்யும் அப்பா, "ஜூஸ் குடிச்சதுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த ஆண்டே ரைலி கூட்டத்தில் ஓர் இடைவேளைப் பொத்தான் கேட்டார். தலைவர் இல்போ, தெற்கின் பெரிய பல்கலைக்கழகத்துக்காரன். "ஏன், வடக்குல பரீட்சை நடுவுல கலைமான் மேய்க்கப் போகணுமா?" என்றான். எங்களைக் கலைமான் மேய்ப்பவர்கள் என்பது தெற்கத்தியர்களின் பழைய கேலி. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம், ஆட்சேபம் இல்லையே என்று கேட்டான். நாங்கள் பேசத் தொடங்குமுன் ஒரு மூச்சை உள்ளே இழுப்போம், அது எங்கள் ஊர்ப் பழக்கம். ரைலி இழுத்து முடிப்பதற்குள், முடிவை உறுதிசெய்யும் மரச் சுத்தியலை மேஜையில் அடித்துவிட்டான். அடித்தபிறகு எந்த முடிவையும் கிளறுவது வழக்கமில்லை. அடுத்த ஆண்டும் அதே மூச்சுக்குள் அடித்தான்.

தலைமைப் பொறுப்பு சுற்றிச் சுற்றி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வரும். ரைலி காத்திருந்தார். அதற்குள் நான் பட்டம் வாங்கி அவரிடமே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் முறை வந்த கூட்டத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். இல்போவே சுத்தியலை அவர் கையில் கொடுத்து, மேஜை புதுசு, மெதுவாக அடி என்று கிண்டல் செய்தான்.

அந்த முறை அவன் கொண்டுவந்திருந்தது, கேள்விகளைக் கணினியே காதில் வாசித்துச் சொல்லும் வசதி. எழுத்துகள் கண்முன்னே குழம்புகிறவர்களுக்கானது. இந்த ஆண்டே வந்துவிடும் என்று தன் துணைவேந்தரிடம் சொல்லியும் வைத்திருந்தான். ரைலி அதைக் காப்பி வரும் நேரத்துக்கு வைத்தார். ஏலக்காய் பன் வந்தது. இல்போ பெரிதாக ஒரு வாய் கடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிக்கிற வசதியை அடுத்த வருஷம் பாக்கலாம். ஆட்சேபம் இல்லையே?"

அடி விழுந்தது. அந்த இடத்துக்கு இடைவேளைப் பொத்தான் என்றார். இரண்டாவது அடி.

இல்போ மென்று விழுங்கினான். "நான் இன்னும் வாயே திறக்கலையே."

"அடிச்சாச்சே, இல்போ. கலைமான் மேய்க்கப் போயிருந்தியா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அவர்களில் பலர் அவனிடம் அதே அடி வாங்கியவர்கள். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் இனித்தது. அவன் முகம் சிவந்ததை ஊருக்குப் போகும் ரயிலில் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். பாதி வழியில்தான் கேட்கத் தோன்றியது.

"ரைலி, அந்த வாசிக்கிற வசதியும் வேண்டியதுதானே?"

"வேண்டியதுதான். அவனும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும்."

அவன் எதற்குக் காத்திருப்பான்? காத்திருக்கப்போவது வேறு யாரோ. அதைச் சொல்ல நினைத்தேன். ஆனால் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

பொத்தான் வந்தது. முதல் நாள் அதை நானே அழுத்திப் பார்த்தேன். திரையில் நேரம் நின்றது. அந்த வாரமே ஒரு பெண் வந்தாள். பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் தாதிப் படிப்புக்குச் சேர்ந்தவள். எழுத்துகள் அவளுக்கு ஓரிடத்தில் நிற்காதாம். இந்தக் கணினி கேள்வியை வாசித்துக் காட்டுமா என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம்," என்றேன்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அதற்குள் நான் தேர்வு அறைக் கதவைத் திறந்துவிட்டிருந்தேன்.