மூலையில் இருந்த எழுத்து

என் சித்தி இருபது வருஷமாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். எடுத்த படத்தைப் பார்த்து நோயையும் சொல்லவேண்டும் என்று, வேலையோடு வேலையாக முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். கடைசி வாய்மொழித் தேர்வில் தவறினால் இன்னொரு வருஷம் படிக்கவேண்டும்.

அவர் வேலை செய்யும் மருத்துவமனை டாக்டரே தேர்வாளராக வந்திருந்தார். ஒரு நெஞ்சுப் படத்தைத் திரையில் போட்டு, "என்ன தெரியுதும்மா?" என்றார்.

"ஆள் கோணலா நிக்கிறாரு சார். மூச்சைப் பாதிதான் இழுத்திருக்காரு. எடுத்தவங்க தூங்கிட்டாங்க போல."

"சரி, நோய் என்ன?"

சித்திக்கு அப்போதுதான் கேள்வியே உறைத்தது. படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். "வலது காறை எலும்புக்குப் பின்னாடி சின்னக் கட்டி ஒண்ணு ஒளிஞ்சிருக்கு சார்."

டாக்டர் தலையாட்டிவிட்டுப் படத்தின் மூலையைப் பெரிதாக்கினார். வலது பக்கத்தைக் காட்ட, எடுப்பவர் வைக்கும் ஈய எழுத்து அங்கே இருந்தது. ஓரம் உடைந்த அந்த எழுத்து சித்தியுடையது.

"அன்னைக்குக் கூட்டம் சார்," என்றார் சித்தி.

தேறிவிட்டார். பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று வீட்டில் அவர் குறை சொன்னால், சித்தப்பா இப்போது நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"இன்னைக்குக் கூட்டம்மா," என்கிறார்.