ஓவசியர் தவரத்தினத்தின் ஆறு மதகுகள்

தவரத்தினம் தன் வாழ்க்கையில் ஒரு நாளும் வயல் செய்ததில்லை. பாரிசுக்கு வந்த முதல் மாதம் அவரைக் கமக்காரனாக்கியவர் செபஸ்தியாம்பிள்ளை.

லா சப்பலில் ரெலிபோன் காட் விற்கும் ஒரு கடையின் பின்மேசையில் செபஸ்தியாம்பிள்ளை கேஸ் எழுதிக்கொண்டிருப்பார். அகதி விண்ணப்பத்துக்கு வேண்டிய வாழ்க்கைக் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பதற்கு அங்கே அதுதான் பெயர். 2010 ஆவணியில் தவரத்தினம் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நான் ரோட்டு ஓவசியர் அண்ணை. கிளிநொச்சிப் பக்கம் பதினாறு வருசம். ரோட்டுப் போடுறது, மதகு கட்டுறது."

"ஆற்றை சம்பளம்?"

"கொழும்பு அரசாங்கத்தின்ரை."

செபஸ்தியாம்பிள்ளை பேனையை மூடி வைத்தார். "அரசாங்கச் சம்பளம் எடுத்தனீர். அதே அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தனீர். வெள்ளையளுக்கு இது விளங்குமே? எத்தினை ஏக்கர் வேணும், சொல்லும். மூண்டு போடட்டே?"

"எனக்கு ஏக்கர் வேண்டாம்."

"தம்பி, இந்த மேசையிலை நூறு பேரைக் கமக்காரராக்கி விட்டிருக்கிறன். அவையெல்லாம் இப்ப விசாக் காட்டோடை திரியினம்."

காட் கிடைத்தால்தான் மனைவி பூரணியைக் கூப்பிடலாம். யுத்தம் முடிந்து அடைக்கப்பட்ட முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் தமையன் வீட்டு விறாந்தையில் படுத்துக்கொண்டிருந்தாள் அவள். தவரத்தினம் கையெழுத்து வைத்தார்.

விசாரணை நாளில் அதிகாரி நெல்லைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டான். அதைச் சமாளித்துவிட்டார். பிறகு, வீட்டிலிருந்து பெரிய வீதிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டான். வயலுக்குப் போய் வருகிற ஒருவன் "கிட்டத்தான், ஒரு ரெண்டு மூண்டு கட்டை தூரம்" என்றிருப்பான். தவரத்தினத்தின் வாய் பதினாறு வருடப் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"நாலு தசம் ரெண்டு கிலோமீற்றர். இடையிலை ஆறு மதகு. நாலாவது ரெட்டைக் குழாய், மற்றதெல்லாம் ஒற்றை."

முடிவுக் கடிதம் வந்தபோது, பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் அவரோடு அறையில் இருந்த யூலியன் அதை வாசித்துச் சொன்னான். ஒரு விவசாயி தன் பாதையிலுள்ள மதகுகளின் எண்ணிக்கையையும் குழாய்க் கணக்கையும் இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பது இயல்பல்ல என்றும், பதில்கள் மனப்பாடம் செய்தவை போல் உள்ளன என்றும் எழுதியிருந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு.

யூலியனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணை, ஊரைத் தெரியாதவனுக்குத்தான் றிஜெக்ற் வாறது. உங்களுக்குக் கூடத் தெரிஞ்சதாலை வந்திருக்கு!"

தவரத்தினத்துக்குக் கோபம் தலைக்கேறியது. மதகுகள் மனப்பாடமாம். கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கட்டிய மதகுகள். அன்று பின்னேரம் பூரணிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்கள் எப்ப வயல் செய்தனீங்கள்? வீட்டுக்குப் பின்னாலை நட்ட மிளகாயே காய்க்கேல்லை."

"அதுதான் கேஸ் எண்டு சொல்லிச்சினம்."

"ஆரும் சொல்லட்டும். அப்பீலிலை உள்ளதைச் சொல்லுங்கோ. நான் வந்தால் ஓவசியற்றை பெஞ்சாதியாய் வருவன். இல்லாட்டி இஞ்சையே கிடக்கிறன்."

மேன்முறையீடு அடுத்த வருடம் ஐப்பசியில் விசாரணைக்கு வந்தது. நீதிமன்ற நடையோரத்தில் வழக்கறிஞர் கையை அசைத்து அசைத்துப் பேசினாள். மொழிபெயர்க்க வந்த ஜெர்மேன் என்ற புதுச்சேரிப் பெண்மணி அதைச் சுருக்கினார். "ஐயா, மேத்ர், அதான் உங்க வக்கீலம்மா, சொல்றாங்க, முதல்ல எழுதிக் குடுத்ததை இப்ப மாத்தினா உங்களைப் பொய்க்காரர்னுடுவாங்களாம். விவசாயின்னே இருங்க."

"ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்களாம், ஐயா."

"ஓம். அதுக்கும் ஏலாது எண்டே சொல்லுங்கோ."

உள்ளே நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நீதிபதி நரைத்த தலையுள்ள பெண். தவரத்தினம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். பெரிய வீதியைக் கீறினார், கிளை வீதியைக் கீறினார், ஆறு மதகுகளையும் அவற்றின் இடத்தில் வைத்தார். தான் கமக்காரன் அல்ல, கொழும்பின் சம்பளத்துக்கு, அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கம் ஆண்ட நிலத்தில் வேலை செய்த ஓவசியர் என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினாள். இவ்வளவு சிறிய நாட்டில் ஒரே வீதிக்கு எப்படி இரண்டு அரசாங்கம் இருக்கும் என்று கேட்டாள்.

"சின்ன நாடுதான் அம்மா. பாதை திறந்திருந்தால் காலமை யாழ்ப்பாணத்திலை ஏறி இருட்டமுந்திக் கொழும்பிலை இறங்கலாம். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த ஊர் மூண்டு தரம் கை மாறினது. வழக்குப் பேசுற கோடு, பொலிஸ், வரி எல்லாம் இயக்கத்தின்ரை. பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி, தபால், ரோட்டு, இதுகளுக்குச் சம்பளம் கொழும்பிலையிருந்து. ஒரு மதகுக்கு நாப்பது பை சீமெந்து வேணுமெண்டால் பாதுகாப்பு அமைச்சு கையெழுத்து வைக்கவேணும். வவுனியாவிலை ஆமி பை பையாய் எண்ணும். அங்காலை இயக்கம் திரும்ப எண்ணும். சீமெந்து வந்து சேர மாரி துவங்கிடும்."

ஜெர்மேன் மூச்சு வாங்கி மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"கொழும்பின்ரை சம்பளத்துக்கு எங்களை வேவு பாக்கிறியோ எண்டு இயக்கம் விசாரிச்சது. எங்கடை சம்பளத்தை எடுத்துக்கொண்டு அவங்களுக்கு ரோட்டுப் போட்டனியோ எண்டு 2009இலை ஆமி பிடிச்சு எட்டு மாதம் அடைச்சு வைச்சு அடிச்சது. ஒரே கேள்விதான். இப்ப நீங்கள் மூண்டாவது ஆள்."

வழக்கறிஞர் நெற்றியில் கையை வைத்தாள். ஜெர்மேன் தயங்கி, அதையும் சொல்லவா என்பதுபோல அவரைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ. ஒண்டையும் விடாமல் சொல்லுங்கோ."

சொன்னார். அப்படியானால் முதலில் ஏன் பொய் எழுதினீர்கள் என்று நீதிபதி கேட்டாள்.

"எழுதினது வேறை ஆள். கையெழுத்து என்ரை. அது என்ரை பிழை, அப்பிடியே பதியுங்கோ. ஆனால் ஆர் ஆண்டாலும் மாரியிலை வெள்ளம் வந்தது, ரோட்டு அள்ளுப்படாமல் நிண்டது. அந்த ஆறு மதகும் பொய்யில்லை."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலால் நாலாவது மதகைத் தொட்டாள். இது மட்டும் ஏன் வேறு மாதிரி?

"பக்கத்துக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சால் முழுத் தண்ணியும் அதாலைதான் வரும். ஒற்றைக் குழாய் போட்டு முதல் மாரியிலேயே அள்ளிக்கொண்டு போட்டுது, பிறகுதான் ரெட்டை போட்டனான். அந்தப் பிழையும் என்ரைதான்."

அவள் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு நீதிமன்றச் சுவரில் முடிவுகள் ஒட்டப்பட்டன. யூலியன் தவரத்தினத்தின் இலக்கத்தைத் தேடிப்பிடித்து, அதற்கு நேரே இருந்ததை இரண்டு தரம் வாசித்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தான். அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்திலேயே நின்று தவரத்தினம் பூரணிக்குப் போன் எடுத்தார்.

அடுத்த நாள், தான் வேலை செய்த மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவரைச் செபஸ்தியாம்பிள்ளை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பின்மேசையில் புதிதாக வந்த இரண்டு பேர் இருந்தார்கள்.

"தவம், கெட்டிக்காரன் நீர்! அந்த மதகுப் படத்தின்ரை கொப்பி ஒண்டு தாரும். இவை ரெண்டு பேரையும் ஓவசியராக்கிவிடுவம்."

தவரத்தினம் மற்றவர்களிடம் திரும்பினார். "தம்பி, நீர் ஊரிலை என்ன வேலை?"

"சீரீபி பஸ்ஸிலை கொண்டக்டர் அண்ணை."

"நீர்?"

"கோப்பறேசன் கடை மனேச்சர்."

"அதை எழுதுங்கோ," என்றார் தவரத்தினம்.

"உமக்கென்ன விசரே? உமக்கு ஏதோ அதிட்டம் அடிச்சது. எல்லாருக்கும் அடிக்குமே?"

"என்ரை மதகிலை வேறை ஒருத்தரும் ஏறி நிண்டு காட் எடுக்கேலாது. அவையவை செய்த வேலையை அவையவை சொல்லட்டும்." ஒரு கதிரையை இழுத்து மேசைக்கும் வாசலுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார். "நீங்கள் எழுதி முடிக்குமட்டும் நான் இதிலைதான்."

"முதலாளி தேடுவார், போம்."

"தேடட்டும்."

செபஸ்தியாம்பிள்ளை கடை வாசலைப் பார்த்தார். பிறகு கொண்டக்டரைப் பார்த்தார்.

"உமக்கும் கொழும்புச் சம்பளமோ?"

"ஓம் அண்ணை."

"யேசுவே!" என்று சொல்லிக்கொண்டு, மூன்று ஏக்கர் எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். "சரி, சொல்லும். எந்த றூட்?"