காமு தண்ணீர் குடிக்க மாட்டாள்

டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கு வெளியே காமுவின் டிபன் கடையில் எப்போதும் கூட்டம். சினிமா ஸ்டுடியோ ஆட்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் அவள் ‘பௌதி’, அதாவது வங்காளியில் அண்ணி. விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை நின்றபடியே தோசை வார்ப்பாள். ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் எங்கே போவது? ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கிவிடுவார்கள். இத்தனை பேரின் பசியாற்றுகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்ட இவ்வளவு பெரிய நகரத்துக்குத் துப்பில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவளுக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். இன்னொன்றை, இரண்டும் பழுதாகிப்போன தம்பி சுந்தருக்குக் கொடுத்துவிட்டாள். அதனால் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தபோது வீடே பதறியது. மாத்திரையில் காய்ச்சல் விட்டது, பரிசோதனையிலும் கிருமி இல்லை என்றார்கள். மாத்திரை முடிந்த கொஞ்ச நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி காய்ச்சல்.

டாக்டர் சாதனாவும் தமிழ்க்காரர்தான். விசாரித்து, அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

“மாமி, இந்த மருந்து கிருமியோட வெளிச்சுவரை உடைக்கும். சிறுநீர் நீர்த்து இருந்தா, தண்ணி உள்ளே புகுந்து கிருமி ஊதி வெடிச்சுடும். உங்களுக்கு உப்பும் கழிவுமா கெட்டியா இருக்கு. அதுல சிலது வெடிக்காம, சுவரில்லாமலே பதுங்கிக்கும். சாதாரண டெஸ்ட்ல அகப்படாது. மருந்தை நிறுத்தினதும் சுவரைக் கட்டிண்டு பெருகும். உங்களுக்கும் அப்படித்தான்னு சந்தேகப்படறேன்.”

வேறு மருந்து தந்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் இருந்தவரை காமு குடித்தாள். காய்ச்சல் வரவில்லை.

அதற்குள் துர்கா பூஜை வந்துவிட்டது. பந்தல் பார்க்க ஊரே தெருவில் நிற்கும்போது கடை போடாமல் இருப்பாளா?

“மருந்துதான் சாப்பிடறேனே, பூஜைவரைக்கும்தானே!” என்று கணவர் ஜெய்ராமின் வாயை அடைத்தாள். கடைக்குப் போனதும் பழையபடி தண்ணீர் குடிப்பதை விட்டாள். அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

நவமியன்று அடுப்பின் முன்னாலேயே நடுக்கம் கண்டது. கரண்டி கையில் நிற்கவில்லை. அன்று முழுக்கச் சிறுநீரும் பிரியவில்லை.

மருத்துவமனையில் அவளே தண்ணீர் கேட்டாள். சிறுநீரகம் வேலை செய்யாததால் அளந்துதான் கொடுக்கலாம் என்றார் நர்ஸ். தம்ளரைப் பிடித்திருந்த சுந்தர் அழுதுவிட்டான்.

“அக்கா, நீ கொடுத்ததைத் திருப்பித் தரேன்னு சொல்லக்கூட எனக்கு வழியில்லையே.”