கோமாளிக்கு வேறு பெயர்

ஜார்ஜ்டவுன் மண்டபமொன்றில் எங்கள் தொழிற்சாலையின் குடும்ப விருந்து நடந்தது. பிள்ளைகளைச் சிரிக்கவைக்க ஒரு கோமாளியை அழைத்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். முகமெல்லாம் வெள்ளைச் சாயம், புள்ளிச் சட்டைக்குள் அடங்காத தொப்பை. யாருடனாவது பேச வேண்டுமென்றால் சிவப்பு ரப்பர் மூக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

மேடையில் எங்கள் மேனேஜர், போன வருடம் சொன்ன அதே நகைச்சுவையை மறுபடியும் சொன்னார். மண்டபம் அதிரச் சிரித்தோம். சிரித்த கையோடு பக்கத்தில் நின்ற கோமாளியிடம், "எங்க மேனேஜர் சரியான கோமாளிண்ணே" என்றேன்.

அவர் மூக்கைக் கழற்றினார்.

"கோமாளின்னா சிரிக்க வைக்கணும் தம்பி. இவர் பேசினா சிரிப்பே வரலையே லா."

"அப்போ ராஜா சபையில இருப்பானே விதூஷகன், அப்படிச் சொல்லலாமா?"

"அவன் ராஜாவையே மூஞ்சிக்கு நேரா கிண்டல் பண்றவன். இங்க யாருக்கு அந்தத் தைரியம் இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "சரிண்ணே, வராத சிரிப்பைச் சத்தமா சிரிச்சேனே, எனக்கு என்ன பேரு?"

என் கழுத்தில் தொங்கிய அட்டையை அவர் குனிந்து பார்த்தார்.

"அதான் போட்டிருக்கே தம்பி. ஸ்டாஃப்."

கேலி செய்தாரா, பரிதாபப்பட்டாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் வேறொரு நகைச்சுவை சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்தவன் நான்தான்.