ஐந்தாவது வாரத்துத் தோப்புக்கரணம்

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் வாய்ப்பே அனுஷியாவுக்கு நான்கு வருடமாகக் கிடைக்கவில்லை. ஏறினாலே யாராவது எழுந்து, கர்ப்பிணி என்று நினைத்து இடம் விட்டுவிடுவார்கள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றபோது விலகிய வயிற்றுத் தசை திரும்பச் சேரவேயில்லை. முதலில் கூனிக் குறுகினாள். பிறகு, சும்மா கிடைக்கிற ஸீட்டை எதற்கு விடுவது என்று உட்காரப் பழகிவிட்டாள். "எத்தனை மாசம்?" என்று கேட்ட ஒரு அம்மாவிடம் கூசாமல் "ஏழு" என்றும் சொல்லியிருக்கிறாள்.

வலைப்பந்தில் அந்தச் சலுகை இல்லை. மாநகர சபை அலுவலக அணியில் கோல் போடுபவள் அவள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பந்தோடு ஒரு தரம் எம்பினாலே இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்பத்தொரு வயதிலும் அவளுக்கு ஆட வேண்டும். அதற்காகத்தான் லீவையெல்லாம் சேர்த்துப் போட்டு, தொங்கிய தோலை வெட்டி, தசையை உள்ளே தைத்து இழுக்கிற ஒப்பரேஷனுக்குப் போனாள். அழகுக்காக வெட்டிக்கொண்டாள் என்று அலுவலகத்தில் பேசினார்கள். அழகுக்கும்தான், அதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டாள் அனுஷியா.

எதையும் குடைந்து குடைந்து கேட்கிற சுபாவம் அவளுக்கு. தொப்புளுக்குக் கீழே தொட்டால் ஏன் அடுத்தவர் தோலைத் தொடுகிற மாதிரி இருக்கிறது? உள்தையல் அறுந்தால் சத்தம் கேட்குமா? இத்தனை கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னவள் பிசியோதெரபி செய்யும் மடவளை ஊர்க்காரி இன்ஷிரா.

"ஆறு கிழமைக்கு நடை மட்டும்தான் அக்கா. பாரம் தூக்கவும் வேணாம், வயித்தை இறுக்குற எக்ஸசைஸ் ஒண்டும் வேணாம். தசை ஒட்டிப் பிடிக்க நேரம் குடுக்கணும்."

அனுஷியா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வயிற்றைச் சுற்றி இறுக்கப் பட்டி கட்டிக்கொண்டு கண்டி வாவியை முதலில் கால்வாசி நடந்தாள், பிறகு பாதி, பிறகு முழுச் சுற்று. சோற்றுப் பானையைக்கூடத் தொடவில்லை. கேஸ் சிலிண்டர் முதல் பிள்ளைகள் வரை எல்லாவற்றையும் கணவன் மோகனராஜ்தான் சுமந்தான். குலுங்கும் என்று பஸ்ஸிலும் ஏறவிடாமல் ஓட்டோவிலேயே கூட்டிப்போனான்.

அப்படியிருந்தும் ஐந்தாவது வாரக் கடைசியில் இடப்பக்கம் வீங்கியது. எழும்பினால் உள்ளே ஏதோ இழுத்தது. தையல் அறுந்துவிட்டது, இனிப் பந்தைத் தொடவே முடியாது என்று பதறி இன்ஷிராவிடம் போனாள்.

இன்ஷிரா தொட்டுப் பார்த்தாள். "என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யல மிஸ். நடந்தேன். கோயிலுக்குப் போனேன். வந்து படுத்தேன்."

"கோயில்ல?"

"சாமி கும்பிட்டேன்."

"எப்புடிண்டு காட்டுங்களேன்."

அனுஷியா கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்தாள். முழங்காலை மடக்கத் தொடங்கியவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயோ!"

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் என்று நேர்ந்திருந்தாள். உடம்பு தேறியதென்று எண்ணி ஐந்தாவது வாரம் தொடங்கியதும் நாளுக்குப் பன்னிரண்டாகப் போட ஆரம்பித்தாள். ஏழு நாள் ஆகியிருந்தது. அது உடற்பயிற்சி என்று அவளுக்குத் தோன்றவேயில்லை, அது சாமி காரியம்.

இன்ஷிரா திட்டவில்லை. "எங்கட ஆக்களும் இப்புடித்தான். ஒரு எக்ஸசைஸும் செய்யல்லண்டு சத்தியம் பண்ணுவாங்க. அஞ்சு வக்துத் தொழுகையிலயும் நெத்தி நிலத்துல பட ஸுஜூது செஞ்சிருப்பாங்க. அதனால அவங்களை மொத நாளே கதிரையில குந்தித் தொழச் சொல்லிருவன். ஒங்கட்ட கோயிலைப் பத்திக் கேக்காதது என்ட பிழை."

அன்றே டொக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் நீர் கட்டியிருந்தது, ஊசியால் எடுத்துவிட்டார். ஆனால் பயிற்சி இன்னும் மூன்று வாரம் தள்ளிப்போனது, இந்த வருடப் போட்டியும் கைவிட்டுப் போனது. அனுஷியா ஓட்டோவில் வீடு வரை அழுதுகொண்டு வந்தாள்.

ஒன்பதாவது வாரம் டொக்டரின் சம்மதத்தோடு இன்ஷிரா ஒரு கதிரையை முன்னால் வைத்தாள். "இதைப் பிடிச்சிக்கிட்டு அரைவாசி குந்துங்க. மூச்சை விட்டுக்கிட்டே எழும்புங்க."

அனுஷியா செய்து பார்த்தாள். "மிஸ், இது அதுதானே?"

"அதேதான்." இப்போதுதான் இன்ஷிரா சிரித்தாள். "ஒரு நாளைக்கு மூணு. நாலாவது வேணாம். மத்ததை அடுத்த கிழமை பாப்பம்."

திரும்பும்போது துணிந்து பஸ்ஸில் ஏறினாள். ஒருவரும் எழும்பவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வரை நின்றே வந்தாள். கால் வலித்தது, ஆனால் பக்கத்தில் நின்றவர் ஒருமாதிரிப் பார்க்கும் அளவுக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதே உற்சாகத்தோடு கோயிலுக்குப் போனாள். மிச்சம் இருபத்துநாலு, இன்றைக்கே போட்டு முடித்துவிடலாம் என்று கால் துடித்தது. ஒரு கையால் சந்நிதிக் கம்பியைப் பிடித்தாள், மறு கையால் காதை. ஒன்று. இரண்டு. மூன்று. வயிறு வலிக்கவில்லை. நாலாவதுக்கு முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது.

அவள் நிமிர்ந்து நின்றாள். அடுத்த வருடப் போட்டி ஞாபகம் வந்தது.

"மிச்சம் இருபத்தொண்ணு இருக்கு, இல்லன்னு சொல்லல," என்றாள், தொப்பை மடியில் சாய உட்கார்ந்திருந்த பிள்ளையாரைப் பார்த்து. "வயித்த வெட்டித் தச்சவ நான். நீங்க கொஞ்சம் பொறுங்க."