துவக்குக்கு இரண்டு கையெழுத்து

மனைவி இறந்த பிறகு மோர்னிங்சைட் வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். போன மாரியில் எங்கள் தெருவில் பட்டப்பகலில் கள்ளர் ஒரு வீட்டை உடைத்தார்கள். அதன்பிறகு கதவு மணி அடித்தால் மூச்சுக் காட்டாமல் இருந்துவிடுவேன். அந்தப் பயத்தில்தான், தோள்கட்டை இல்லாமல் கைத்துப்பாக்கி மாதிரிப் பிடி வைத்த ஷொட்கன் துவக்கு ஒன்றை யூடியூப்பில் பார்த்து ஆசைப்பட்டேன். அதற்கான லைசென்ஸ் வகுப்பிலும் சேர்ந்தேன்.

வகுப்பு எடுத்த தமிழர் சிரித்தார்.

“அண்ணை, உது படத்திலதான் வடிவு. தோளில ஊண்டாமல் குறி பிடிக்கேலாது. சுடேக்கை வாற உதையும் மணிக்கட்டிலதான் விழும். சட்டப்படி பூட்டி வேற வைக்கோணும். கள்ளன் வரேக்கை திறப்புத் தேடுவியளோ?”

எனக்குக் கோபம் வந்தது. வீம்புக்கு விண்ணப்பத்தை நிரப்பினேன். மூன்று வருடமாவது என்னைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றிருந்தது. செத்தவீட்டோடு எல்லோரையும் விட்டு ஒதுங்கியவன் நான். போனில் இருந்த பெயர்களை இரண்டு தரம் பார்த்தேன். ஒருவருக்கும் எடுக்க முகம் இல்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினொரு வருட அயல். விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனையை எடுத்தார்.

“வைக்கிறன் அண்ணை. உங்கட பேர் என்ன?”

சொன்னேன். அவருடைய பெயர் எனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

“கள்ளன் வந்த நாளிலயிருந்து, தனிய இருக்கிறியளெண்டு பாக்க ரெண்டு மூண்டு தரம் மணி அடிச்சனான். நீங்கள் திறக்கேல்லை.”

படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அந்த மணிச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் துவக்குத் தேடிப் போனேன்.